ஓடும் செய்தி நின்றுபோனால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம், கோயில், பழைய மாணவர் சங்கம் என்று எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும், முகப்புப் பக்கத்தின் மேலே ஒரு பட்டையில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். மரண அறிவித்தல், கொடியேற்றம், பொதுக்கூட்டம், இரத்ததான முகாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனம் தளத்தைத் திறந்ததும் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். அதனால் அது பிழைத்தால் உடனே தொலைபேசி வரும்: "தம்பி, அந்த ஓடுற எழுத்து நிண்டுபோச்சு."

இந்த ஒரு வசனத்துக்குள் பல பிழைகள் இருக்கலாம். எழுத்து வந்து ஓடாமல் நிற்பதையும் நின்றுபோச்சு என்பார்கள், பட்டையே காணாமல் போனதையும் அப்படித்தான் சொல்வார்கள், நேற்றைய செய்தியே இன்றும் ஓடுவதையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே நிரலைத் திறக்க முதல், சொன்னவரிடம் பத்து வினாடி வீடியோ ஒன்று கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ஓட்டம் தெரியாது. கைத்தொலைபேசியா, கணினியா என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

நிரல் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் எழுதும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில், சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதவேண்டும்.

நல்ல அமைப்பு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வரி. இவற்றின் தோற்றத்தைச் சொல்லும் விதிகளைச் சிஎஸ்எஸ் என்ற மொழியில் எழுதுகிறோம். பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன். உள்ளே இருக்கும் வரிக்கு டிஸ்பிளே இன்லைன்-பிளாக், வைட்-ஸ்பேஸ் நோரேப், இடதுபக்க பேடிங் (உள் இடைவெளி) 100%. அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லும் கீஃப்ரேம்ஸில் டிரான்ஸ்ஃபார்ம் டிரான்ஸ்லேட்எக்ஸ் பூச்சியத்தில் தொடங்கி கழித்தல் 100%இல் முடியும். அனிமேஷனுக்குக் கீஃப்ரேம்ஸின் பெயர், ஓடும் நேரம், லீனியர், இன்ஃபினிட். இவ்வளவுதான். கீழே வரும் பிழைகளில் பாதி, இந்த அமைப்பில் ஒரு வரி விடுபட்டதால் வருகிறவை.

எழுத்து வருகிறது, ஆனால் அசையவே இல்லை

எல்லோருடைய திரையிலும் அசையவில்லையா, ஒருவருடைய திரையில் மட்டுமா?

எல்லோருக்கும் என்றால், உள்வரியை ஸ்பான் குறியில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்பான் இயல்பாகவே இன்லைன். இன்லைன் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்ம் வேலை செய்யாது, பிழைச் செய்தியும் காட்டாது. இன்லைன்-பிளாக் ஆக்கினால் அந்த இடத்திலேயே ஓடத் தொடங்கும். அடுத்தது, கீஃப்ரேம்ஸுக்கு வைத்த பெயரும் அனிமேஷன் வரியில் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் கணக்கில் வரும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஆதர், கன்ட்ரிபியூட்டர் நிலையில் இருக்கும் பயனர் ஒருவர் பதிவுக்குள் ஸ்டைல், ஸ்கிரிப்ட் குறிகளை ஒட்டிச் சேமித்தால் வேர்ட்பிரஸ் அவற்றை அகற்றிவிடும். குறிகள் போய், செய்தி வசனம் அசையாமல் மிஞ்சும். குறிகளைக் கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக்கிலும், ஸ்டைலைத் தீமின் (தளத்தின் தோற்றத் தொகுப்பின்) அடிஷனல் சிஎஸ்எஸ் பகுதியிலும் நிர்வாகிக் கணக்கால் போடுங்கள். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு ஓடும் பழைய நிரல் என்றால் எஃப்12 அழுத்திக் கன்சோலைப் பாருங்கள். டாலர் குறி ஒரு ஃபங்ஷன் அல்ல என்று சிவப்பில் வந்தால், வேர்ட்பிரஸ் அந்தக் குறியை விட்டுக்கொடுத்து வைத்திருக்கிறது என்று பொருள். டாலருக்குப் பதில் ஜேக்வெரி என்ற முழுப்பெயரை எழுதினால் தீரும். தளம் எச்டிடிபிஎஸ் ஆக மாறிய நாளிலிருந்து நின்றது என்றால், ஸ்கிரிப்ட் முகவரி இன்னமும் பழைய எச்டிடிபியில் இருக்கும். உலாவி அதைத் தடுத்துவிடும்.

ஒருவருக்கு மட்டும் அசையவில்லை என்றால் அது பெரும்பாலும் பிழையே இல்லை. விண்டோஸில் அனிமேஷன் எஃபெக்ட்ஸை நிறுத்தி வைத்திருந்தாலும், ஆன்ட்ராய்டில் அசைவுகளை நீக்கி வைத்திருந்தாலும் உலாவி அதைத் தளத்துக்குச் சொல்லும். நல்ல தீம்கள் அதை மதித்து எல்லா அசைவையும் நிறுத்திவிடும். அசைவைப் பார்த்தால் தலைசுற்று வருகிறவர்களுக்கான ஏற்பாடு அது, அதை மீறி ஓட வைக்கக் கூடாது. நின்ற நிலையில் அவர்களுக்குச் செய்தி முழுதும் தெரிகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். பிரிஃபர்ஸ்-ரெடியூஸ்டு-மோஷன் நிபந்தனைக்குள் அனிமேஷனை நன் ஆக்கி, வைட்-ஸ்பேஸை நார்மல் ஆக்கி, இடதுபக்க பேடிங்கைப் பூச்சியமாக்குங்கள். அந்த பேடிங்கை எடுக்க மறந்தால் எழுத்து பெட்டிக்கு வெளியே ஒதுங்கி, பட்டை வெறுமையாகத் தெரியும்.

ஓடுகிறது, ஆனால் தமிழாக இல்லை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதிகம் வருவது இந்தப் பிழைதான், சேதமும் இதில்தான் அதிகம். திரையில் தெரியும் குப்பையின் முகத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் நடுநடுவே ஏராளமான அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது பாமினி. பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி உட்காருவது அரைப்புள்ளி விசையில், அதனால்தான் இவ்வளவு அரைப்புள்ளி. நினைவுமலரும் கல்வெட்டும் அடிக்கும் அச்சகங்களில் பாமினியில் தட்டச்சு செய்வது நெடுநாள் வழக்கம். அந்தக் கோப்பிலிருந்து வசனத்தை எடுத்து அப்படியே தளத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டியவரின் திரையில், அந்த எழுத்துரு இருப்பதால், வேர்ட் கோப்பில் எல்லாம் அழகாகத் தெரிந்திருக்கும். பாமினியைத் தளத்தில் பதித்து ஒப்பேற்றலாம் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். கூகுள் தேடலுக்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புக் கருவிக்கும் அது தொடர்ந்து ஆங்கிலக் குப்பையாகவே இருக்கும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே வாசிக்கும் பொது எழுத்துமுறையான யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் கருவிக்குக் கொடுங்கள். முழுவதையும் கொடுத்தால் நடுவில் இருக்கிற மின்னஞ்சல் முகவரியும் இணைய முகவரியும் பொருளில்லாத தமிழாகிவிடும். மாற்றி முடிந்ததும் கொ, கோ, கௌ வரும் சொற்களை ஒருதடவை வாசித்துப் பாருங்கள். பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டுவார்கள், யுனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். மோசமான கருவி பிழைவிடுவது அந்த இடத்தில்தான்.

மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து திரும்பத் திரும்ப வந்தால், எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன, வாசிக்கும் முறைதான் பிழை. யுனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே. உலாவி அதை மேற்கத்தைய எழுத்தாக வாசிப்பதால் அந்த ஏ வரிசையாக வருகிறது. மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்ற வரியைப் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள், அதாவது ஹெட் திறந்த உடனேயே போடுங்கள். போட்டும் சரிவரவில்லை என்றால் சேவையகம் வேறு சார்செட்டை (எழுத்துமுறைப் பெயரை) அனுப்புகிறது. மெட்டா வரியைவிட அதற்குத்தான் முன்னுரிமை, ஆகவே அங்கேயே திருத்தவேண்டும்.

வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் தெரிந்தால் எனக்கு மனம் சோர்ந்துவிடும். சேமிக்கும்போதே தமிழ் அழிந்துபோய், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். திரும்பப் பெற வழியில்லை, செய்தியை மறுபடி தட்டச்சு செய்யவேண்டும். பழைய நோட்பேடில் ஆன்சி முறையில் சேமித்திருப்பார்கள், அல்லது மைஎஸ்கியூஎல் தரவுத்தள அட்டவணை லத்தீன்1 என்ற மேற்கத்தைய எழுத்துமுறையில் இருக்கும். அட்டவணையையும் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்கிவிட்டு, புதுச் செய்தி ஒன்றைச் சேமித்துப் பார்த்தபிறகே பழையவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள்.

இதே இடத்தில் இன்னொன்று. சொந்தமாக எழுதிய தளம் ஒன்றில், இரங்கல் செய்திகள் மட்டும் பாதியில் முறிந்து நின்றன. கூட்ட அறிவித்தல் எவ்வளவு நீளமானாலும் முழுதாக ஓடியது. ஒரு மாலை முழுக்கத் தேடியபிறகு கண்டேன்: முறிந்த இடத்தில் எல்லாம் கும்பிடும் கை படம் இருந்திருக்கிறது. பழைய யுடிஎஃப்8 அட்டவணை ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழுக்கு அது போதும், இமோஜிக்கு 4 வேண்டும். கண்டிப்பில்லாத அமைப்பில் இருக்கும் மைஎஸ்கியூஎல், கைப்படத்தோடு அதற்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் சேமித்திருந்தது. வெட்டுப்பட்ட பகுதியில்தான் தகனக் கிரியை நடக்கும் இடமும் நேரமும் இருந்தன. இதற்கும் மருந்து யுடிஎஃப்8எம்பி4தான்.

கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி, அதுவும் வரியின் கடைசியில் மட்டும் என்றால், செய்தியைச் சுருக்கும் நிரல் எழுத்தின் நடுவில் வெட்டுகிறது. சேவையக நிரல்மொழியான பிஎச்பியின் சப்ஸ்டர் பைட் கணக்கில் வெட்டும். எம்பி_சப்ஸ்டர் போட்டால் வைரம் போய்விடும், ஆனால் வேறொரு சங்கடம் வரும். "யாழ்ப்பாணம்" என்ற சொல் நம் கண்ணுக்கு 6 எழுத்து, யுனிகோடில் 11 குறி, யுடிஎஃப்-8இல் 33 பைட். 10 குறியோடு வெட்டினால் "யாழ்ப்பாணம" என்று கடைசிப் புள்ளி விழுந்துபோகும். ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும் இப்படிப் புள்ளி விழுந்து நிற்பதைக் குடும்பத்தவர்கள் பார்க்கக் கூடாது. பிஎச்பியில் கிராஃபீம்_சப்ஸ்டர், ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் இரண்டும் நாம் எண்ணுவதுபோலவே எழுத்தை எண்ணும். தட்டச்சு செய்வதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் செய்திப்பட்டைகளில், துணைக்குறியோடு புள்ளி வட்டம் மின்னி மறைவதற்கும் இதுவே காரணம், இதுவே திருத்தம்.

எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படுகிறது

கீ, ஸ்ரீ, மூ, ழூ போன்றவை மேலும் கீழும் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் கேட்கும். ஆங்கிலத் தளத்துக்காகச் செய்த தீமில் பட்டையின் உயரத்தை 24 பிக்சல் என்று கட்டி வைத்திருப்பார்கள். உயரத்தை எடுத்துவிடுங்கள். லைன்-ஹைட் 1.7 கொடுத்து, மேலும் கீழும் சிறிது பேடிங் வையுங்கள்.

சில நாள் பறக்கிறது, சில நாள் நகர மறுக்கிறது

அனிமேஷனுக்கு 40 வினாடி என்று கட்டியிருப்பீர்கள். ஆனால் அந்த 40 வினாடிக்குள் வரி கடக்கவேண்டிய தூரம், பெட்டியின் அகலமும் செய்தியின் அகலமும் சேர்ந்தது. பெட்டி 400 பிக்சல், செய்தி 2400 என்றால் மொத்தம் 2800, வினாடிக்கு 70 பிக்சல், ஆறுதலாக வாசிக்கலாம். அடுத்த நாள் 600 பிக்சல் செய்தி ஒன்று மட்டும் என்றால் வினாடிக்கு 25தான், நகர்வதாகவே தெரியாது. ஐந்தாறு அறிவித்தல் ஒன்றாக வந்த நாளிலோ கண்ணுக்கு எட்டாமல் பறக்கும்.

வேகத்தைக் கட்டுங்கள், நேரத்தை அவிழ்த்துவிடுங்கள். உள்வரியின் ஆஃப்செட்விட்த்தை ஜாவாஸ்கிரிப்டால் அளந்து 70ஆல் பிரித்து, வரும் விடையை அனிமேஷன்-டியூரேஷனாகப் போடவேண்டும். என் அனுபவத்தில் தமிழுக்கு 60க்கும் 70க்கும் இடைப்பட்ட வேகம் வயதானவர்களுக்கும் வசதி. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இணைய எழுத்துரு பயன்படுத்தினால், அது வந்து சேர முதல் அளந்த அகலம் பிழையாகத்தான் இருக்கும். டாக்குமென்ட் ஃபொன்ட்ஸ் ரெடி என்பதற்குப் பின் அளக்கவேண்டும்.

விக்கி விக்கி ஓடுகிறது

எழுத்தை ஓடவிடும் பழைய எச்டிஎம்எல் குறியான மார்க்கீயாக இருந்தால் அதன் இயல்பே அது. ஒன்றும் சொல்லாவிட்டால் 85 மில்லி வினாடிக்கு ஒரு தடவை 6 பிக்சல் தாவும். வினாடிக்கு 70 பிக்சல் வேகம்தான், ஆனால் பன்னிரண்டு தாவலில். ஸ்க்ரோல்டிலேயை 30 ஆக்கினாலும் பயனில்லை, ட்ரூஸ்பீட் சேர்க்காதவரை 60க்குக் குறைந்த எதையும் உலாவி 60 ஆகவே எடுக்கும். எச்டிஎம்எல்5 இந்தக் குறியை வழக்கொழிந்தது என்று ஒதுக்கிவிட்டது. இன்றைய உலாவிகள் இன்னமும் ஓட்டுகின்றன, என்றாலும் புதிதாகச் செய்யும் தளத்தில் அதை வைக்காதீர்கள்.

சிஎஸ்எஸ்ஸிலும் விக்கினால், லெஃப்ட் அல்லது மார்ஜின்-லெஃப்ட்டை அசைக்கிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு நொடித்துளிக்கும் உலாவி பக்கத்தின் இடக்கணக்கை மறுபடி போடவேண்டியிருக்கும், விலை குறைந்த தொலைபேசிக்கு அது பாரம். டிரான்ஸ்ஃபார்முக்கு மாற்றுங்கள்.

பட்டை நெடுநேரம் வெறுமையாக இருக்கிறது. அல்லது செய்தி பாதியில் மறைந்து மறுபடி தொடங்குகிறது

இரண்டுக்கும் வேர் ஒன்று: டிரான்ஸ்லேட்எக்ஸில் வரும் சதவீதம் பெட்டியின் அகலத்தில் கணக்கிடப்படுவதில்லை, ஓடும் வரியின் சொந்த அகலத்தில்தான். 100%இல் தொடங்கச் சொன்னால், 3000 பிக்சல் செய்தி 3000 பிக்சல் தள்ளி நின்று புறப்படும். 360 பிக்சல் திரைக்குள் அது வந்து சேரும்வரை வெறும் பட்டை. மேலே சொன்ன இடதுபக்க பேடிங் 100% பெட்டியின் அகலத்தைப் பிடிப்பதால், வரி திரையின் ஓரத்திலிருந்தே புறப்படும். மறுபக்கம், உள்வரி சாதாரண பிளாக்காக இருந்தால் அதன் அகலம் பெட்டியின் அகலமே, எழுத்து வெளியே வழிந்து நிற்கும். கழித்தல் 100% என்பது ஒரு பெட்டித் தூரம் மட்டும்தான், அதைக் கடந்ததும் மீதிச் செய்தி வராமலே மறுபடி தொடங்கிவிடும். இன்லைன்-பிளாக் அல்லது விட்த் மேக்ஸ்-கன்டென்ட் இதைத் தீர்க்கும்.

இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து ஓடவேண்டும் என்று செய்தியை இரண்டு தடவை அடுத்தடுத்து வைத்து, கழித்தல் 50% வரை ஓட்டுகிறவர்கள் உண்டு. இந்த அமைப்பில் இடதுபக்க பேடிங் தேவையில்லை. தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு குதிப்புத் தெரிந்தால், செய்திகளுக்கு இடையில் கேப் கொடுத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு செய்திக்கும் வலதுபக்க பேடிங் கொடுங்கள், பாதி சரிபாதியாகும். இரண்டாவது பிரதிக்கு ஏரியா-ஹிடன் போட மறக்காதீர்கள். மறந்தால் திரைவாசிப்புக் கருவி ஒரே மரண அறிவித்தலை இருமுறை வாசிக்கும்.

கைத்தொலைபேசியில் பக்கம் முழுதும் பக்கவாட்டில் இழுபடுகிறது

வெளிப்பெட்டியில் ஓவர்ஃப்ளோ ஹிடன் இல்லை. அது இருந்தும் இழுபட்டால், "செய்திகள்" என்ற சிவப்புப் பெட்டியையும் ஓடும் பட்டையையும் ஃப்ளெக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் ஓவர்ஃப்ளோ ஹிடன் ஃப்ளெக்ஸ் பெட்டியின் நேரடிப் பிள்ளையில் இருக்கவேண்டும், இல்லையேல் அந்தப் பிள்ளைக்கு மின்-விட்த் பூச்சியம் கொடுக்கவேண்டும்.

செய்தியை மாற்றியாயிற்று, பழையதே ஓடுகிறது

குரோமில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே புதியது என்றால் சொன்னவருடைய உலாவி பழைய பிரதியை வைத்திருக்கிறது, கண்ட்ரோல் எஃப்5 போதும். அங்கும் பழையது என்றால் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்இன் அல்லது கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைச்சேவை வைத்திருக்கிறது, அங்கே போய்த் துடையுங்கள்.

தேதிப்படி தானாக மாறவேண்டிய செய்தி காலையில் மட்டும் பிழையாக இருந்து, பிறகு தானே சரியானால் கேஷைத் தேடி அலையவேண்டாம். சேவையகத்தின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும். நமக்கு அது 5 மணி 30 நிமிடம் பின்னால், ஆகவே நாள் மாறுவது நம் காலை 5.30க்கு. நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். தேரன்று விடிய முதல் எழும்பித் தளத்தைப் பார்க்கிற ஒருவருக்கு முந்தின நாள் திருவிழாவே ஓடினால் எப்படி இருக்கும்? பிஎச்பியில் நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று அமையுங்கள். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் கொழும்பைத் தெரிவு செய்யலாம்.

நிரலில் திருத்த முடியாத நேரப்பிழை ஒன்றும் உண்டு. "இன்று காலை 10 மணிக்கு" என்று எழுதிவிடுவோம். கோடைகாலத்தில் நம் காலை 10 மணி, ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்து 12.30. முந்தின மாலை வேலை முடிந்து வந்து தளத்தைத் திறக்கும் மகன், "இன்று" என்பதை எந்த நாளாக எடுப்பான்? தேதியையும் கிழமையையும் எழுதி, "இலங்கை நேரம்" என்று சேருங்கள்.

"ஓடுது தம்பி, ஆனா வாசிக்கேலாமக் கிடக்கு"

இப்படிச் சொல்லப்பட்டால் நிரல் சரியாக ஓடினாலும் வேலை முடியவில்லை. தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் அசையும் எதையும் வாசகர் நிறுத்த வழி இருக்கவேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சொல்கிறது. மவுஸை மேலே வைத்தால் நிற்கும்படி ஹோவரில் அனிமேஷன்-ப்ளே-ஸ்டேட் பாஸ்டு போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். கைத்தொலைபேசியில் மவுஸ் ஏது? பட்டையின் ஓரத்தில் "நிறுத்து" என்று தமிழில் எழுதிய ஒரு பொத்தான் வையுங்கள். விரலுக்குப் பிடிபட 44 பிக்சல் உயரம் கொடுங்கள். அழுத்தினால் "ஓடவிடு" என்று மாறட்டும்.

அதோடு, பட்டைக்குக் கீழே அதே செய்திகளை ஓடாத பட்டியலாகவும் நான் இப்போது வைத்துவிடுகிறேன். பெயர், இடம், தேதி, நேரம் நான்கும் அங்கே அசையாமல் நிற்கும். தொலைபேசியில் அதை நீட்டி அழுத்திப் பிரதி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொள்வார்கள்.